நிற்கும் நேரத்துக்கான உடை: உயர மலைகளில் எதை உடுத்துவது, எதில் உறங்குவது

1953 ஜூலை 3 மாலை, நங்க பர்பத் மலையின் 8,126 மீட்டர் உச்சியில் முதல் ஆளாக நின்றவர் ஆஸ்திரியாவின் ஹெர்மன் பூல். தனியாகப் போனவர், சிலிண்டர் ஆக்சிஜனும் கிடையாது. இறங்கும் வழியில் இருட்டிவிட்டது. சுமார் 8,000 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை விளிம்பில் இரவு முழுக்க நின்றபடியே கழித்தார். கூடாரம் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. பாரத்தைக் குறைக்க, ஏறும் வழியிலேயே முதுகுப்பையைக் கழற்றி வைத்திருந்தார். தடித்த ஸ்வெட்டர் அதற்குள் இருந்தது. ஆனாலும் மறுநாள் உயிரோடு கீழே வந்தார், கால்விரல்களில் பனிக்கடியோடு (குளிரில் சதை உறைந்து கெட்டுப்போவது). அன்றிரவு அங்கே காற்று அடிக்கவில்லை. அடித்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார்.

ஒன்றுமில்லாமல் போனாலும் பிழைக்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோன நேரம் எது என்று பாருங்கள். ஏறிக்கொண்டிருந்த பதினாறு பதினேழு மணி நேரம் அல்ல, அசையாமல் நின்ற அந்த இரவு. மலைக்கு உடை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் ஏறிக்கொண்டிருப்பதாகத்தான் கற்பனை செய்துகொள்கிறார்கள். நின்றால் என்ன ஆகும்? முன்னால் போகிறவர் கயிற்றைப் பொருத்தும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தால்? கூட வந்தவருக்குக் கால் பிசகினால்? வானிலை மோசமாகி இரண்டு நாள் கூடாரத்துக்குள்ளேயே முடங்கினால்? தேர்வை அந்த அசையாத நேரத்திலிருந்து தொடங்கி, பின்னோக்கி வர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். உடை சூடு தராது. உடம்பு உண்டாக்கும் சூடு ஓடிவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அடுப்பு நாம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடம்பு தரும் வெப்பம் ஏறக்குறைய 100 வாட். செங்குத்தாக ஏறும்போது அது ஐந்தாறு மடங்காகும். ஒரே சட்டை இந்த இரண்டு நிலைக்கும் பொருந்தாது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

உயரம் போகப் போக அந்த அடுப்பும் மந்தமாகிறது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக்சிஜன் குறைந்தால் தசை வேலை குறைகிறது, வேலை குறைந்தால் வெப்பமும் குறைகிறது. 5,000 மீட்டரில் தடித்த ஜாக்கெட் போட்டு ஏறினால் பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். 8,000 மீட்டரில் தலை முதல் கால்வரை மூடிய இறகு உடைக்குள் இருந்துகொண்டு ஏறுகிறார்கள், அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. அங்கே நாலு மூச்சுக்கு ஓர் அடி. ஏறுவதற்கும் நிற்பதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

வெளியே குளிர் எவ்வளவு என்ற கணக்கு சுலபம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். காற்றைச் சேர்த்தால்தான் கணக்கு மாறும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 21 போல. மைனஸ் 20 என்றால் மைனஸ் 34 போல. ஆகவே உச்சியில் எத்தனை டிகிரி என்று கேட்பதைவிட, காற்று எவ்வளவு என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

அதே நாளில் வெயிலும் வாட்டும். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். எவரெஸ்ட்டின் வெஸ்டர்ன் கும் பள்ளத்தாக்கு மூன்று பக்கமும் சுவர்களால் சூழப்பட்ட பனிக்கிண்ணம். காற்றில்லாத மத்தியானத்தில் அங்கே நடப்பது அடுப்புக்குள் நடப்பதுபோல. அதிகாலையில் நடுங்கியவர்கள் பதினொரு மணிக்கு உள்சட்டையோடு நடக்கிறார்கள். அதனால் மெல்லிய, வெளிர்நிற, முழுக்கை உள்சட்டை ஒன்று வேண்டும். கழுத்தை மூடும் தலைமறைப்பு இருந்தால் நல்லது.

வியர்வைதான் எதிரி

மலையில் குளிர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, நம் உள்ளேயிருந்தும் வருகிறது, வியர்வையாக. தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஏறும்போது நனைந்த சட்டை, நின்ற பிறகு முதுகில் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். பருத்தி வேண்டாம் என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். அது ஈரத்தைக் குடித்துவிட்டு விட மறுக்கிறது. ஜீன்ஸ், பனியன், பருத்தி உள்ளாடை எல்லாமே இதில் சேர்த்தி. உள்ளாடையை மட்டும் மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பார்கள். மலையில் அந்தப் பழமொழி செல்லாது. நனைந்த பிறகுதான் முக்காடு மிக அவசியம்; ஆனால் அப்போது அது வேலை செய்யாது.

உடலோடு ஒட்டும் முதல் அடுக்குக்கு மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர். மெரினோ பத்து நாள் போட்டாலும் அதிகம் நாறாது, ஈரத்திலும் ஓரளவு கதகதப்பு தரும். காய நேரமாகும், சீக்கிரம் தேயும். பாலியஸ்டர் வேகமாகக் காயும், விலை குறைவு, மூன்றாம் நாள் கூடாரத்தில் உங்களோடு தங்குபவர் முகம் சுளிப்பார். இரண்டில் எது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். என்னைக் கேட்டால், நீண்ட பயணத்தில் ஏறுவதற்கு ஒன்றும் உறங்குவதற்கு ஒன்றும் தனித்தனியே வைத்துக்கொள்வதுதான் முக்கியம். உறங்கும் ஜோடியை எந்தக் காரணத்துக்காகவும் கூடாரத்துக்கு வெளியே போடக் கூடாது.

அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸ், அதாவது கம்பளிபோல மெத்தென்றிருக்கும் செயற்கை இழைத் துணி. கட்டம் கட்டமாக நெய்தது என்றால் ஆவி வெளியேற வசதி. தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல், ஒன்றைக் கழற்றலாமே.

வெளி அடுக்கைப் பற்றி விளம்பரங்கள் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகின்றன. 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது நுண்துளைகள் நிறைந்த படலம் ஒன்று கிடைத்தது. கோர்டெக்ஸ் அங்கிருந்து பிறந்தது. மழைத்துளி நுழையாது, நீராவி வெளியேறும். உண்மைதான். ஆனால் நீராவி தானாக வெளியேறுவதில்லை. உள்ளே ஈரப்பதம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. வியர்வை அந்த வேகத்தை மிஞ்சினால் உள்ளே ஈரம் கட்டும். கடுங்குளிரில் அந்த ஆவி ஜாக்கெட்டின் உட்புறத்திலேயே உறைந்து, கழற்றி உதறினால் பனித்தூளாகக் கொட்டும். எவ்வளவு விலை கொடுத்தாலும் ஜிப்பைத் திறந்துவிடுவதற்கு ஈடாக எந்தத் துணியும் கிடையாது. அக்குளில் ஜிப், கால்சட்டையின் பக்கவாட்டில் ஜிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, மிக உயரத்தில் மழை பெய்யாது; பனிதான் விழும். அங்கே தேவை காற்றைத் தடுப்பது. கனமான மழை ஜாக்கெட் உண்மையில் உதவுவது அடிவார நடையில்தான். அதனால் வெளி அடுக்கில் எடையைக் குறைத்து, மிச்சத்தை நிற்கும் நேரத்து ஜாக்கெட்டில், அதாவது நின்றவுடன் எல்லாவற்றுக்கும் மேலே போடும் தடித்த ஜாக்கெட்டில், போடலாம்.

நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால், பதினைந்து நிமிடத்தில் எல்லாரையும் நிறுத்தி ஜாக்கெட்டைக் கழற்றப் போவது நீங்கள்தான்.

தூவியும் அதன் பலவீனமும்

1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியல்காரர் ஒரு விசித்திரமான கோட்டோடு வந்தார். பலூன் செய்யும் துணிக்குள் ஐடர் வாத்தின் மென்னிறகைத் திணித்துத் தைத்தது. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். குளிர் கடித்தபோது சிரிப்பு நின்றது. இன்று மலையில் காணும் உப்பிய ஜாக்கெட்டுகளுக்கெல்லாம் அது முன்னோடி.

ஒப்பிட, 1924இல் அதே மலையில் காணாமல்போன பிரிட்டிஷ் மலையேறி ஜார்ஜ் மலோரியை எடுத்துக்கொள்ளலாம். 1999இல் சுமார் 8,150 மீட்டரில் அவர் உடல் கிடைத்தது. பட்டு, பருத்தி, கம்பளி என்று மெல்லிய அடுக்குகள், மேலே காபர்டீன் துணி. அதே மாதிரி உடைகளைத் தைத்து 2006இல் எவரெஸ்ட்டில் உடுத்திப் பார்த்தார்கள். ஏளனம் செய்யப்பட்ட அளவுக்கு அவை மோசமில்லை. எடை குறைவு, பட்டு வழுக்குவதால் கை கால் அசைக்க எளிது. நல்ல வானிலையில் ஏறிப் போகப் போதும். இரவு வெளியே தங்க நேர்ந்தால் போதாது. பார்த்தீர்களா, இங்கேயும் அதே அசையாத நேரம்தான்.

ஃபின்ச்சின் கோட்டில் இருந்ததற்குத் தமிழில் பழைய சொல் உண்டு: தூவி. அன்னத்தூவி மெத்தை என்று கேள்விப்பட்டிருப்போம். தண்டுள்ள இறகு அல்ல, அதற்கு அடியில் பஞ்சுபோல இருப்பது. சூட்டைக் காப்பது தூவிகூட அல்ல, அது பிடித்து வைக்கும் அசையாத காற்று. எவ்வளவு உப்புகிறதோ அவ்வளவு கதகதப்பு. ஃபில் பவர் என்று ஜாக்கெட்டில் எழுதியிருக்கும் 600, 700, 800 எல்லாம், ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு உப்பும் என்ற கணக்கு. இங்கே ஒரு குழப்பம் உண்டு. 800 என்று போட்ட ஜாக்கெட் 600 போட்டதைவிடக் கதகதப்பானது என்று அர்த்தம் இல்லை. உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 800 தூவி 100 கிராமைவிட, 600 தூவி 250 கிராம் நன்றாகவே காக்கும், எடைதான் கூடும்.

தூவி நனைந்தால் கட்டியாகிவிடும், மலையில் அதை உலர்த்துவது பெரும்பாடு. அதனால் ஈரப்பனியும் மழையும் கலந்த இடங்களுக்குச் செயற்கை இழை நிரப்பிய ஜாக்கெட் நல்லது. கனமானது, ஆனால் நனைந்தாலும் கொஞ்சம் வேலை செய்யும். வறண்ட கடுங்குளிருக்குத் தூவி.

நிற்கும் நேரத்து ஜாக்கெட்டை வாங்கும்போது உங்களுக்கு அளவான ஒன்றை எடுக்காதீர்கள். மற்ற எல்லா உடைக்கும் மேலே, எதையும் கழற்றாமல் போட வேண்டியது அது. தொப்பி ஹெல்மெட்டை மூடவேண்டும். ஜிப் கீழிருந்தும் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் உள்ள கயிற்று வாரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதுதான். பையில் அது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். அடியில் வைத்தால் அதை எடுப்பதற்குள் உடம்பு ஆறிவிடும்.

கையும் காலும்

1950 ஜூன் 3 அன்று அன்னபூர்ணா உச்சியிலிருந்து இறங்கிய பிரெஞ்சு மலையேறி மோரிஸ் எர்ஸோக், பையிலிருந்து எதையோ எடுக்கக் கையுறைகளைக் கழற்றிக் கீழே வைத்தார். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. மாற்றுச் சாக்ஸைக் கையில் மாட்டலாம் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. விரல்களை இழந்தார். ஆக்சிஜன் குறைந்த மூளை அப்படித்தான் யோசிக்கும்; அதனால் யோசிக்க வேண்டிய தேவையே இல்லாதபடி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கையுறையை மணிக்கட்டோடு இணைக்கும் வார் சின்னப் பிள்ளைகளுக்கானது போலத் தோன்றும். வெட்கப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

விரல் பிரித்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் எப்போதும் கதகதப்பானது. வேலைக்கு மெல்லிய கையுறை, அதன் மேல் மிட்டன், பையில் இன்னொரு மிட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாற்று ஜோடியைத்தான் எடை என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

காலுக்கு நேர்மாறான தவறு நடக்கிறது. குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று சாக்ஸைத் திணித்து, இறுக்கமான பூட்ஸுக்குள் காலை நுழைக்கிறார்கள். இறுக்கினால் ரத்தம் போகாது, ரத்தம் போகாத விரலுக்கு எவ்வளவு கம்பளி சுற்றினாலும் பயனில்லை. தடித்த சாக்ஸ் ஒன்று, விரலை அசைக்க இடம். பல நாள் உறைபனியில் தங்கும் பயணம் என்றால் உள்ளுறை தனியாகக் கழன்று வரும் இரட்டைப் பூட்ஸ் வேண்டும். இரவில் அந்த உள்ளுறை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வந்துவிடும். உறைந்த பூட்ஸுக்குள் அதிகாலையில் காலை விட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

படுக்கை

ஸ்லீப்பிங் பேக்கில் மைனஸ் 20 என்று எழுதியிருந்தால், மைனஸ் 20இல் நன்றாகத் தூங்கலாம் என்றா பொருள்? பெரும்பாலும் இல்லை. 2002இல் ஐரோப்பாவில் வந்த அளவுமுறை, பிறகு ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேச அளவுமுறையானது. சூடேற்றிய ஒரு பொம்மைக்கு உள்ளாடையும் சாக்ஸும் மாட்டி, விரிப்பின் மேல் பைக்குள் படுக்க வைத்து அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்கள் கிடைக்கின்றன. முதலாவது, சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடியது. மூன்றாவது, ஆறு மணி நேரம் உயிர் தாங்கலாம், ஆனால் உடல் ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துபோகலாம் என்ற எல்லை. பையின் பெயரோடு சேர்ந்து வரும் பெரிய எண் பல நேரம் இரண்டாவது. ஆணோ பெண்ணோ, முதல் எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் மலைக்குப் பாதுகாப்பு.

அந்த அளவுமுறையே, கடுங்குளிர்ப் பயணங்களுக்கான பைகளுக்குத் தான் பொருந்தாது என்று சொல்லிவிடுகிறது. அதாவது மைனஸ் 30, 40 என்று விற்கும் பைகளின் எண்கள் பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே சொல்வது. பொம்மைக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு: அது களைத்துப்போவதில்லை, பசிப்பதில்லை, ஆக்சிஜன் குறைந்து திணறுவதும் இல்லை. நீங்கள் இந்த மூன்றோடும் படுக்கப் போகிறீர்கள். அதனால் எதிர்பார்க்கும் குளிருக்கும் கீழே ஒரு பத்து டிகிரி இடைவெளி விட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பை எவ்வளவு நல்லதானாலும் முதுகுக்கு அடியில் இருக்கும் தூவி உங்கள் எடையில் நசுங்கிப்போகும். அங்கே காப்பது விரிப்புதான். விரிப்பின் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்று அளக்கிறார்கள்; 2018இல் அதற்கும் ஒரு பொது அளவுமுறை வந்துவிட்டது. பனிமேல் படுக்க 5க்குக் குறையாமல் வேண்டும். இரண்டு விரிப்பைப் போட்டால் மதிப்புகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதில் உள்ள அழகு. காற்றடைத்த விரிப்பு ஒன்று, அதன் அடியில் 2 மதிப்புள்ள சாதாரண ஃபோம் விரிப்பு ஒன்று. முன்னது ஓட்டையானால் பின்னது இருக்கும். பையில் மைனஸ் 40 வாங்கிவிட்டு விரிப்பில் கஞ்சத்தனம் செய்கிறவர்கள் விடிய விடிய அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

அளவும் முக்கியம். பை மிகப் பெரிதாக இருந்தால் வெற்றிடத்தைச் சூடாக்க வேண்டும்; மிகச் சிறிதாக இருந்தால் உள்ளிருந்து நசுங்கும். பையின் நீளம் ஒரு சாண் கூடுதல் இருக்கட்டும். காலடியில் பூட்ஸ் உள்ளுறை, தண்ணீர் பாட்டில், பேட்டரி எல்லாம் குடியேறும். உடை போடாமல் படுத்தால்தான் சூடு என்ற பேச்சை நம்ப வேண்டாம். உலர்ந்த உடை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், பை உள்ளிருந்து இறுகாதவரை. எடைக்குப் பயப்படும் ஏறுவோர் இதையே பயன்படுத்தி, மேலுக்குத் தூவி ஜாக்கெட், இடுப்புக்குக் கீழே மட்டும் அரைப் பை என்று படுத்துக்கொள்வதுண்டு. யானைக்கால் என்று அந்த அரைப் பைக்குப் பிரெஞ்சில் பெயர்.

இனி மூச்சுக்கு வருவோம். 1911இன் தென்துருவ நடுக்குளிர்காலத்தில், எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், அப்ஸ்லி செர்ரி-கரார்ட் மூவரும் பெங்குவின் முட்டைகளுக்காக அண்டார்டிகாவில் ஐந்து வாரம் நடந்தார்கள். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரிவரை போனது. கிளம்பும்போது சுமார் 8 கிலோ இருந்த செர்ரி-கரார்டின் படுக்கை, திரும்பும்போது 20 கிலோ. கூடிய 12 கிலோவும் பனிக்கட்டி. அவருடைய வியர்வையும் மூச்சும்தான் உள்ளே போய் உறைந்திருந்தன. அவர் பை மான்தோல், இன்று தூவி, விஷயம் மாறவில்லை. குளிரும்போது முகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளத் தோன்றும். ஒவ்வொரு மூச்சும் ஒரு துளி ஈரம். வாயும் மூக்கும் வெளியே இருக்கும்படி கழுத்துக் கயிற்றை இறுக்கி, முகத்தில் மெல்லிய துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஓரிரு வாரத்துக்கு மேல் கடுங்குளிரில் இருப்பதானால், ஆவி புகாத உள்ளுறை ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொள்வோர் உண்டு. பிசுபிசுவென்று இருக்கும், தூவி உலர்ந்து இருக்கும். பகலில் வெயில் வந்தால் பையைக் கூடாரத்தின் மேல் விரிப்பது எல்லாவற்றையும்விட எளிய வழி.

நல்ல படுக்கை இருந்தும் தூக்கம் வராமல் போகலாம். உயரத்தில், தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு பெருமூச்சோடு மீண்டும் தொடங்கும். திணறி எழுந்து உட்கார்வார்கள். அதற்குப் பையைக் குறை சொல்லிப் பயனில்லை.

1976இல் சாங்கபாங் மலையின் மேற்குச் சுவரில் ஏறத் திட்டமிட்ட பிரிட்டிஷ் மலையேறிகள் பீட்டர் போர்ட்மனும் ஜோ டாஸ்கரும், சுவரில் தொங்கி உறங்குவதற்கான தூளிகளை ஒரு குளிர்பதனக் கிடங்கில் மாட்டிப் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நமக்குக் கிடங்கு வேண்டாம். வாங்கியதை எல்லாம் ஒரே இரவில், தாழ்வான ஏதாவது குளிர்ந்த இடத்தில், முழுதாகப் பயன்படுத்திப் பார்த்தால் போதும். மிட்டன் போட்ட கையால் பையின் ஜிப்பைத் திறக்க முடிகிறதா? படுத்தபடியே ஜாக்கெட்டைப் போட முடிகிறதா? உயரமும் குளிரும் சேர்ந்து சிறுநீரைக் கூட்டும் என்பதால் பையை விட்டு வெளியே வராமல் சமாளிக்க ஒரு பாட்டில் தேவைப்படும். அது குடிதண்ணீர் பாட்டிலைப் போலவே இருந்தால் தொல்லை. இரண்டில் ஒன்றில் தடித்த நாடா சுற்றி வையுங்கள், இருட்டில் தடவியே கண்டுபிடிக்கும்படி.